தந்திக் கம்பம் வாங்கிய கதை

என் மைத்துனர் வீட்டுக் கொல்லையில், மாட்டுக் கொட்டகைக்குப் பின்புறம், செங்கல் அடுக்கி அதன்மேல் மூன்று இரும்புக் கம்பங்கள் படுத்துக் கிடக்கின்றன. முதலில் ஆறு இருந்தன. இந்த ஆறுக்காக இரண்டு வருடம் அலைந்தேன். பத்தொன்பது நாள் விடுப்பு போனது. எண்பதாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவாகச் செலவானது. வீட்டில் இன்றைக்கும் ஏதாவது பணப் பேச்சு வந்தால், "கம்பத்துக்குப் போட்டதைவிடவா இது தண்டம்?" என்று என் மனைவி ஆரம்பித்துவிடுவாள். பழைய தந்திக் கம்பம், கைகாட்டி, மைல்கல் மாதிரிப் பொருள்களைக் காப்பாற்றலாமே என்று யாருக்காவது தோன்றினால், இறங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு அப்போது சொல்ல ஆள் இல்லை.

எங்கள் ஊர் டெல்டாவில், மீட்டர் கேஜ் கிளைப்பாதை ஒன்றில் இருக்கிறது. ஒரு நாளைக்கு நாலு வண்டி. சின்ன வயதில் தாத்தா ஊருக்குப் போகும்போது ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கம்பங்களை எண்ணுவது என் வேலை. இரண்டு கம்பத்துக்கு நடுவில் கம்பிகள் தொய்ந்து இறங்கும், அடுத்த கம்பம் வந்ததும் விசுக்கென்று மேலே ஏறும். கம்பத்தில் வெள்ளைப் பட்டையில் கறுப்பு எண். 43/7 என்றால் நாற்பத்து மூன்றாவது கிலோமீட்டரில் ஏழாவது கம்பம். அப்போது அது எனக்கு வெறும் எண். பிறகுதான் தெரிந்தது, அதுதான் தண்டவாளத்தின் கதவிலக்கம் என்று. மாடு அடிபட்டாலும் தண்டவாளம் விரிசல் விட்டாலும், "இத்தனாவது கம்பத்துக்கும் இத்தனாவது கம்பத்துக்கும் நடுவில்" என்றுதான் எழுதுவார்கள், போனில் சொல்வார்கள். வயலுக்கு நடுவில் ஆளில்லாத இடத்துக்கு வேறு என்ன விலாசம் இருக்க முடியும்?

தந்தி என்ற பெயர் ஒட்டிக்கொண்டதே தவிர, அந்தக் கம்பிகள் தந்தியை மட்டும் சுமக்கவில்லை. ஒற்றைப் பாதையில் இரண்டு வண்டி நேருக்கு நேர் வந்துவிடாமல் இருக்க, ஒரு நிலையத்து டோக்கன் கருவி (வண்டி புறப்பட அனுமதியாக ஓட்டுநருக்குத் தரும் டோக்கனை வெளியே விடும் கருவி) அடுத்த நிலையத்துக் கருவியோடு பேச வேண்டும். அந்தப் பேச்சு போனதும் இந்தக் கம்பி வழிதான். வண்டிகளை நடத்தும் கன்ட்ரோல் அலுவலகம் நிலையங்களோடு பேசும் போனும் அதில்தான். மின்சார ரயிலுக்கான 25,000 வோல்ட் லைன் பக்கத்தில் வந்தால், திறந்தவெளிக் கம்பியில் தூண்டல் மின்சாரம் ஏறிவிடும். அதனால் எல்லாவற்றையும் மண்ணுக்கடியில் கேபிளாக இறக்கினார்கள். எங்கள் பாதைக்கு மின்சாரம் வருவதற்கு முன்பே அகலப்பாதை வேலை வந்தது. 2011 வாக்கில் வண்டி நின்றது. தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். கம்பங்கள் மட்டும் பயனில்லாமல் நின்றன. செம்புக் கம்பி எப்போதோ திருட்டுப் போயிருந்தது.

நான் முதலில் செய்த காரியத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை துணிப்பையோடு போய், கம்பங்களுக்கு அடியில் விழுந்து கிடந்த, கம்பி கம்பத்தைத் தொடாமல் தாங்கும் பீங்கான்களைப் பொறுக்கினேன். கவிழ்த்து வைத்த தேநீர்க் குவளை மாதிரி இருக்குமே, அவைதான். ஒன்றைத் துடைத்துப் பார்த்தேன். அடியில் புல்லர்ஸ், லண்டன் என்று முத்திரை. உள்ளே மரை. மரைக்குள் சணல் நாரின் மிச்சம். மேல் குவளைக்குள் இன்னொரு சின்னக் குவளை இருக்கும். மழை பெய்து வெளிப்பக்கம் நனைந்தாலும் உள்பக்கம் காய்ந்தே இருக்கும். மின்சாரம் ஈரம் வழியாகக் கம்பத்துக்கு இறங்காது. இத்தனை யோசித்துச் செய்த பொருளை வரப்பில் போட்டுவிட்டுப் போகிறார்களே என்ற ஆதங்கத்தில் பதினொன்று பொறுக்கிவிட்டேன். பன்னிரண்டாவதற்குக் குனியும்போது பின்னால் பைக் சத்தம்.

ரயில்வே காவலர்கள் என்னைப் பிடித்துப் போனார்கள். நாலு மணி நேரம் அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வங்கி அடையாள அட்டையைக் காட்டியும் பயனில்லை. அவர்கள் மேல் தப்பே சொல்ல மாட்டேன். அந்தப் பாதையில் கம்பி திருடியவர்கள் எல்லாரும் பையோடுதான் வந்தார்கள், நானும் பையோடுதான் வந்தேன். 1966 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. ரயில்வே சொத்து என்று சந்தேகப்படும்படியான பொருள் கையில் இருந்தால், அது நேர்மையாக வந்தது என்று வைத்திருப்பவன்தான் காட்ட வேண்டும். தந்திக் கம்பிக்கென்றே 1950 இல் வந்த தனிச் சட்டமும் அப்போது நடைமுறையில் இருந்தது. எந்தக் கனமுள்ள செம்புக் கம்பி கையில் இருந்தால் மாட்டுவாய் என்பதை மைலுக்கு இத்தனை பவுண்டு எடை என்று கணக்குப் போட்டே எழுதியிருந்தார்கள். அதை இப்போது விலக்கிவிட்டார்கள். 1966 ஆம் ஆண்டுச் சட்டம் அப்படியே இருக்கிறது. பீங்கான்களை வாங்கி வைத்துக்கொண்டு, எழுதி வாங்கிக்கொண்டு, எச்சரித்து அனுப்பினார்கள். ஆகவே, கீழே கிடப்பது குப்பை மாதிரித் தெரிந்தாலும் கை வைக்காதீர்கள். கேமராவை மட்டும் எடுத்துப் போங்கள். அன்றைக்கு என்னிடம் கேமரா இல்லை. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். இந்தக் கதையில் நான் இழந்ததிலேயே பெரியது அதுதான்.

சரி, முறைப்படி கேட்போம் என்று மனு எழுதினேன். இரண்டு மூன்று கம்பத்தை மட்டும் நின்ற இடத்திலேயே விட்டுவிடுங்கள், பழைய ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு நினைவுக்கு இருக்கட்டும் என்பதுதான் கோரிக்கை. இங்கேதான் எட்டு மாதம் கரைந்தது. கம்பம் ஒரு துறையுடையது, அது நிற்கும் மண் இன்னொரு துறையுடையது, பழைய இரும்பென்று விற்பது மூன்றாவது துறை. இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. ரயில் பாதையோரம் நின்ற கம்பங்களில் பல ரயில்வேயுடையவையே அல்ல. அந்தக் காலத்துத் தபால் தந்தித் துறை நட்டு, ரயில்வேக்கு வாடகைக்குக் கொடுத்தவை. அதனால் நான் போன முதல் அலுவலகத்தில் "எங்களுடையது இல்லை" என்றார்கள். இரண்டாவதில் "அவர்களைக் கேளுங்கள்" என்றார்கள். மூன்றாவதில் ஒருவர் என் மனுவை முழுதாகப் படித்துவிட்டு, "இதெல்லாம் எதுக்கு சார், உங்களுக்கு வேற வேலை இல்லையா?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார்.

பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டிருந்தால் முதல் மாதமே விஷயம் தெரிந்திருக்கும். எட்டாவது மாதம்தான் கேட்டேன். பதில் ஒரே வரியில் வந்தது: அந்தக் கம்பங்கள் ஏலத்தில் போய்விட்டன. என் அனுபவத்தில், உங்கள் முதல் கடிதம் கோரிக்கையாக இருக்கக் கூடாது, கேள்வியாக இருக்க வேண்டும். இந்தக் கம்பங்கள் எந்தத் துறையின் கணக்கில் இருக்கின்றன, விற்க முடிவாகிவிட்டதா, எப்போது ஏலம் என்று மூன்றே கேள்வி. சொந்தக்காரர் யார் என்று தெரிந்த பிறகு கோரிக்கையை அவருக்கு மட்டும் அனுப்புங்கள். நான் எல்லாருக்கும் நகல் போட்டேன். எல்லாருக்கும் போனால் அது யாருக்கும் வராத கடிதம்.

பதில் வந்த மறுநாள் ஓடினேன். கேஸ் கட்டிங் நடந்துகொண்டிருந்தது. பிடுங்கி எடுக்க நேரமாகும் என்று தரையோடு வெட்டிச் சாய்த்தார்கள். ஒவ்வொன்றும் சாயும்போது மணி அடித்த மாதிரி ஒரு சத்தம். உள்ளே வெறும் குழாய்தானே. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அடிப்பகுதி நாலைந்து அடி இன்னும் மண்ணுக்குள்தான் இருக்கிறது. நிறுத்தச் சொல்ல எனக்கு என்ன உரிமை? ஒரு ஓரமாக நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

லாரி எந்தப் பழைய இரும்புக் கடைக்குப் போனது என்று டீக்கடையில் விசாரித்துக் கண்டுபிடிக்க மூன்று நாள். கடைக்காரர் நல்ல மனிதர், ஆனால் வியாபாரி. நான் கம்பத்தைத் தடவிப் பார்த்த விதத்திலேயே விலை ஏறிவிட்டது. அன்றைக்கு இரும்பு கிலோ முப்பது ரூபாய்க்குப் போனது, எனக்கு நாற்பத்தைந்து. ஆறு கம்பம் எடைமேடையில் 660 கிலோ காட்டியது, 29,700 ரூபாய். ஆசையை முகத்தில் காட்டாதீர்கள் என்று சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை, நானே கேட்டிருக்க மாட்டேன். வேறு ஆளை அனுப்புங்கள். ஒரு காரியம் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்த புண்ணியத்தில் சரியாகச் செய்தேன். பில் கேட்டேன். அதோடு அவர் ஏலத்தில் எடுத்ததற்கான விடுவிப்புச் சீட்டின் நகலையும் கேட்டேன். "இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல சார்" என்று சிரித்துவிட்டுக் கொடுத்தார். வழியில் ஒரு சோதனைச் சாவடியில் லாரியை நிறுத்தினார்கள். அந்த இரண்டு காகிதமும் இல்லையென்றால் மறுபடி பெஞ்சுதான். லாரி வாடகையும் சுமைக்கூலியும் சேர்ந்து 9,500.

அடுத்தது பட்டறை. இதை எழுதக் கை வரவில்லை. கம்பங்கள் மேலே சில்வர் பெயிண்ட், கீழே தார் என்று அடுக்கடுக்காகப் பூசப்பட்டு, அங்கங்கே துரு வெடித்துக் கிடந்தன. "துரு மட்டும் எடுத்துட்டு ஒரு கோட் அடிச்சுக் குடுங்க" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். நாலு நாள் கழித்துப் போனால், பட்டறைத் தம்பி முகமெல்லாம் சிரிப்பு. "பாருங்க சார், புதுசு மாதிரி ஆக்கிட்டேன்!" ஆறு கம்பமும் கிரைண்டர் பட்டு வெள்ளி மாதிரி மின்னின. 43/7 மாதிரியான எண்கள் எதுவும் இல்லை. பெயிண்டுக்கு அடியில் பழைய எண்களும் இருந்திருக்கும். அறுபது எழுபது வருடம் ஒன்றன்மேல் ஒன்றாக எழுதியவை. எல்லாம் தூளாகப் பட்டறைத் தரையில் கிடந்தன. அந்தத் தம்பியைத் திட்ட வாய் வரவில்லை. அவன் வேலையில் ஒரு குறையும் இல்லை. 18,000 ரூபாய் எண்ணிக் கொடுத்தேன்.

இன்னொரு ஆபத்தும் அதில் இருந்தது, அப்போது எனக்குத் தெரியாது. பழைய இரும்புக்கு அடிப்பூச்சாக அந்தக் காலத்தில் ரெட் லெட் அடிப்பார்கள். ஆரஞ்சுச் சிவப்பாக இருக்கும், அது ஈயம். கிரைண்டர் போட்டால் ஈயத்தூள் காற்றில் பறக்கும். அந்தத் தம்பி மூக்கில் ஒரு கைக்குட்டைகூடக் கட்டியிருக்கவில்லை. பழைய பெயிண்டைச் சுரண்டவே வேண்டாம் என்பேன். சோப்புத் தண்ணீரும் நைலான் பிரஷும் போதும். துரு உரிந்து வரும் இடத்தில் மட்டும் ஈரமாகத் தேய்த்து எடுங்கள், அதுவும் முகக்கவசத்தோடு. எண், எழுத்து, முத்திரை இருக்கும் இடத்தைத் தொடவே தொடாதீர்கள்.

பிறகு நட இடம் தேடினேன். ஒரு அருங்காட்சியகத்தில் எஞ்சின் வைக்கவே இடமில்லை என்றார்கள். ஒரு பள்ளியில் தலைமையாசிரியர் உற்சாகமாகச் சம்மதித்தார். மூன்று குழி வெட்டி, கான்கிரீட் போட ஜல்லி மணல் இறக்கினேன். அதற்குள் இரும்புக் கம்பம் இடியை இழுக்கும், பிள்ளைகள் ஏறி விழுவார்கள் என்று பெற்றோர் கூட்டத்தில் பேச்சு வந்துவிட்டது. குழியை மூடிக் கொடுத்துவிட்டு வந்தேன். 14,000. அவர்கள் பயமும் அர்த்தமில்லாததல்ல. முதலிலேயே எழுத்தில் சம்மதம் வாங்கி, எர்த் போட்டுத் தருகிறேன், ஏற முடியாதபடி முள்கம்பி வளையம் கட்டித் தருகிறேன் என்று நானே சொல்லியிருக்க வேண்டும்.

கம்பங்கள் மைத்துனர் வீட்டுக்குப் போனது அப்போதுதான். "அத்தான், மாட்டுக்குப் பின்னால போட்டுக்குங்க, ஆனா எத்தனை நாளைக்கு?" என்றான். இன்னும் பதில் சொல்லவில்லை.

2013 ஜூலை 14. தந்திச் சேவைக்குக் கடைசி நாள். தந்தி அலுவலகங்களில் கூட்டம் அலைமோதியது. வாழ்நாளில் தந்தி கொடுத்திராத பிள்ளைகள்கூட வரிசையில் நின்று தங்களுக்குத் தாங்களே தந்தி அடித்துக்கொண்டார்கள். நானும் நின்றேன். பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக வந்தது. 1839 இல் கல்கத்தாவில் கம்பி இழுத்துச் சோதனை செய்த மருத்துவர் ஓஷாக்னசி, 1850 களில் நாடு முழுக்க ஓடிய லைன் என்று எல்லாம் எழுதியிருந்தார்கள். கம்பத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்த வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெரியவரிடம் வாய் விட்டுப் புலம்பினேன். திரும்பிப் பார்த்து, "நீங்க வாங்கிப் போட்டிருக்கறது ரயில் போஸ்ட்டா, ஹாமில்டன் ட்யூப்பா?" என்றார். முப்பத்திரண்டு வருடம் லைன்மேனாக இருந்தவர்.

மறு ஞாயிறு அவரைக் கொல்லைக்கு அழைத்துவந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு கம்பத்தோடும் நடந்தார். ரயில் போஸ்ட் என்றால் பழைய தண்டவாளத்தையே கம்பமாக நட்டது. ஹாமில்டன் ட்யூப் என்பது ஒற்றைக் கம்பம் அல்ல, கீழே அகன்று மேலே குறுகும் குழாய்கள், ஒன்றின்மேல் ஒன்று மாட்டித் தட்டி இறுக்கியவை. கழற்றினால் துண்டு துண்டாக மாட்டுவண்டியில் ஏற்றிப் போகலாம், சாலை இல்லாத ஊரிலும் நடலாம். இந்தியத் தந்தித் துறை பயன்படுத்திய அமைப்பு. கரையான் அரிக்காது. ஆஸ்திரேலியாவில் 1872 இல் பாலைவனம் வழியாக இழுத்த லைனில் மரக் கம்பங்களைக் கரையான் தின்று தீர்த்த பிறகு, அவர்களும் இதே மாதிரிக் குழாய்க் கம்பத்துக்குத்தான் போனார்கள். "கேஸ் வெச்சு வெட்டியிருக்கவே வேணாம் தம்பி. கீழேயிருந்து மேல்பக்கமா சம்மட்டியால ரெண்டு தட்டு. கழண்டு வந்துரும்" என்றார். எனக்கு அந்த இரும்பு மணிச் சத்தம் மறுபடி காதில் கேட்டது.

அப்புறம் அவர் கேட்ட கேள்விதான் என்னைக் கொன்றது. "இது எந்த நம்பர்?"

தெரியாது என்றேன். அடுத்ததைக் காட்டி, "இது?" தெரியாது. படம் கிடம் எடுத்தீங்களா என்றார். இல்லை. ஒரு நிமிடம் ஒன்றும் பேசவில்லை. "அப்ப இது வெறும் குழாய் தம்பி" என்று மெல்லச் சொன்னார். வேண்டுமென்று புண்படுத்தவில்லை. அவருக்குக் கம்பம் என்றால் அது நின்ற இடம். 51/3 என்றால் மழையில் எப்போதும் மரக்கிளை உரசும் கம்பம். 38/12 என்றால் இராத்திரியில் போகத் தயங்கும் சுடுகாட்டுக் கம்பம். எண்ணைச் சொன்னால் அவரால் ஒரு மணி நேரம் பேச முடியும். நான் எண் இல்லாத ஆறு குழாயைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

ஐந்தாவது கம்பத்தில் மட்டும் நின்றார். மேலிருந்து மூன்றடியில் விரலை வைத்தார். கிரைண்டருக்குத் தப்பிய ஒரு பள்ளம், ஒரு பக்கம் மட்டும், அரைவட்டமாகத் தேய்ந்திருந்தது. "ஸ்டே கம்பி கட்டின கிளாம்ப் உரசின இடம். ஒரே பக்கமா இழுத்திருக்கு பாருங்க. நேர் பாதையில இது இருக்காது. வளைவுக் கம்பம். கம்பியெல்லாம் உள்பக்கமா சாய்க்கப் பார்க்கும், ஸ்டே வெளிப்பக்கமா இழுத்துப் பிடிக்கும்." அப்படி ஸ்டே தேவைப்படும் வளைவுகள் எங்கள் பாதையில் இரண்டே. அவர் கணக்குப்படி அது ஆற்றுப் பாலத்துக்கு முந்தின வளைவாகத்தான் இருக்க வேண்டும். எண் சொல்ல முடியாது, வளைவைச் சொல்ல முடியும் என்றார். அந்தக் கம்பத்தில் அன்றே ஒரு தகரத் துண்டில் எழுதிக் கட்டினேன்.

இப்போது என்னிடம் யாராவது கேட்டால், வாங்குவதைப் பற்றி நினைக்காதே, முதலில் கேமராவோடு நடந்து போ என்றுதான் சொல்வேன். போனில் இடக்குறிப்பு தானாகப் பதிகிறது, பிறகென்ன கவலை? பொதுவழியிலிருந்தே எடுக்கலாம். கம்பத்துக்கு நாலு படம்: முழுக் கம்பம், எண், உச்சியில் பிராக்கெட்டும் பீங்கானும், அடியில் மண்ணைத் தொடும் இடம். முதலில் துருப்பிடிப்பது அந்த மண் மட்டத்தில்தான். பின்னால் கம்பத்தை நட்டுவைக்க நேர்ந்தால் அங்கேதான் கவனம் வேண்டும். கம்பத்தோடு வாழ்ந்த ஒருவரைக் கூட்டிப் போய், அவர் பேசுவதைப் பதிந்துகொள்ளுங்கள். இவ்வளவுக்கும் பெட்ரோல் செலவுதான். அதன் பிறகு பணமும் தெம்பும் இருந்தால், ஆறு கம்பம் வேண்டாம். அடுத்தடுத்து நின்ற மூன்றும், அவற்றுக்கு நடுவில் தொய்ந்த கம்பியும் நின்ற இடத்திலேயே இருக்கக் கேளுங்கள். கம்பி ஏறி இறங்கும் அந்த வளைவு இல்லாமல் தந்திக் கம்பத்தைப் பார்த்து யாருக்கும் ஒன்றும் புரியாது. நூறு வயது தாண்டிய பொருள் என்று ஆதாரம் கிடைத்தால் 1972 ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தைக் காட்டிப் பேசிப் பார்க்கலாம். ஆனால் அந்த ஆதாரமும் படத்திலும் முத்திரையிலும்தான் இருக்கிறது.

வெட்டியதில் தப்பியவை இன்னும் இருக்கின்றன என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. லைன்மேன் ஐயாவோடு பைக்கில் சுற்றியபோது கண்டவை: வாய்க்காலுக்குக் குறுக்கே பாலமாக ஒன்று, டீக்கடைக் கொட்டகைக்குக் காலாக ஒன்று, ஒரு மாடிவீட்டில் ஆண்டெனாவுக்காக நட்டு இப்போது துணி காயும் கம்பமாக ஒன்று. டீக்கடைக் கம்பத்தில் எண் அப்படியே இருக்கிறது. 47/9. தொடவில்லை, படம் எடுத்துக்கொண்டேன். கடைக்காரரிடம் பெயிண்ட் அடித்துவிடாதீர்கள் என்று மட்டும் கேட்டேன். ஏன் என்றார். அரைமணி நேரம் சொன்னேன். இரண்டு டீக்குக் காசு வாங்கிக்கொண்டார்.

வளைவுக் கம்பத்தைப் போன வருடம் மைத்துனர் வீட்டு வாசலில் நட்டோம். லைன்மேன் ஐயா நின்று குழி ஆழம் பார்த்தார், ஸ்டே எந்தப் பக்கம் என்று காட்டினார். மிச்சம் ஐந்தில் இரண்டைச் சென்ற மாதம் ஊர்ப் பையன்கள் வாலிபால் நெட் கட்டக் கேட்டார்கள். கொடுத்துவிட்டேன். பெற்றுக்கொண்டோம் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து போடச் சொன்னபோதுதான் அவர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.